ஒரு கட்டை கீழே

‘சாக்காடு’ என்ற இசைக்குழு பணத்துக்கு ஆசைப்பட்டுத்தான் உறுமலாகப் பாடுகிற டெத் மெட்டலைக் கைவிட்டு, வாய் திறந்து பாடுகிற ஹார்ட் ராக் பக்கம் சாய்ந்தது என்று பெரம்பூர் தொடங்கிப் போலந்து வரை நிலவிவரும் கருத்து முற்றிலும் பிழையானது. பூமி தட்டை என்று நம்பியவர்களுக்காவது கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆதாரம் இருந்தது, இவர்களுக்கு அதுகூட இல்லை என்று குலசேகரன் நினைத்துக்கொண்டார். பெரம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே சகாயத்தின் சலூனில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, தலை முழுக்கக் கறுப்புச் சாயத்தை அப்பிக்கொண்டு, அது பிடிக்கும்வரை அசையக் கூடாது என்ற உத்தரவின்கீழ் உட்கார்ந்திருந்த அவரால் நினைக்க மட்டும்தான் முடிந்தது. அந்தக் குழுவில் கிடார் வாசித்தவர் அவர். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் ‘வணிகக் காரணங்களுக்காக’ என்றே எழுதிவைத்திருக்கிறது, அதற்கு அடிக்குறிப்பு வேறு, அடிக்குறிப்பைத் தொட்டால் ஒரு வலைப்பூ, அந்த வலைப்பூக்காரனுக்குச் சம்பவம் நடந்தபோது பால் பல்கூட விழுந்திருக்காது. வணிகமாம். அந்த இரண்டாவது கேசட் இன்னும் பெட்டி பெட்டியாக அவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது, பல்லிகள் அதில் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன. பெண்களை ஈர்க்கத்தான் மாறினார்கள் என்று இன்னொரு கட்சி. மாறிய பிறகு ஒத்திகைக்கு வந்த ஒரே பெண் டிரம்ஸுக்குப் புதிதாகச் சேர்ந்த பையனின் தங்கை, அவளும் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள். இசை முதிர்ச்சி என்று மூன்றாவது கட்சி சொல்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம், நல்லெண்ணத்தோடு தவறு செய்கிறவர்களைத் திருத்தவே முடியாது. உச்சந்தலையில் சுரீர் என்று எரிந்தது. அம்மோனியா நெடி கண்ணில் ஏறியது. லேசாகத் தலையைத் திருப்பினார். “அசையாதீங்கண்ணே, நெத்தில எறங்கிடும். அப்புறம் விபூதி பூசற எடத்துல மை பூசின மாதிரி ஆயிடும்,” என்றான் சகாயம், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் விபூதி பூசறதில்லையே.” “இனிமே பூசவும் முடியாது. ஆடாம இருங்க.”

மாற்றத்துக்குக் காரணம் ஒரு ரப்பர் பெல்ட். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத, கேசட் டெக்குக்குள் சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற சாதாரண பெல்ட். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் யாரும் நம்பப்போவதுமில்லை, வரலாறு என்றால் ஜனங்களுக்கு ஆசை, துரோகம், பெண் இப்படி ஏதாவது வேண்டும். முதல் கேசட்டை வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டுபோய் ரிச்சி தெருவில் நகல் போடும் ஒரு கடையில் கொடுத்தார்கள், மே மாதம், தார் உருகுகிற வெயில். வந்த நகல்களைப் போட்டுக் கேட்டபோது நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெல்ட் தளர்ந்து, மாஸ்டரை ஓட்டிய டெக் மெதுவாக ஓடி, பாட்டு முழுக்க ஒரு கட்டைக்குமேல் கீழே இறங்கியிருந்தது. அவருடைய கிடார் சவக்குழி தோண்டுகிற சத்தம்போல் கேட்டது. எர்னஸ்ட் பாடியது மனிதக் குரலாகவே இல்லை, கிணற்றுக்குள் எருமை ஒன்று இருந்துகொண்டு சாபம் இடுவதைப்போல இருந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் அவர் நிதானமாக, “மே மாசம் சார், பெல்ட்டுக்கும் வேர்க்கும். வேற போட்டுத் தரட்டா?” என்றார். அதற்குள் முதல் கட்டு விற்றுப்போயிருந்தது. வாங்கியவர்கள் பித்துப் பிடித்தவர்கள்போல் அலைந்தார்கள். ஸ்வீடனில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய ஒரு பத்திரிகை, ஆசியாவிலேயே இவ்வளவு ஆழத்திலிருந்து யாரும் பாடியதில்லை என்று எழுதியது. பேய் மாதிரி இருக்குடா என்று எர்னஸ்ட்டே சிரித்தான். இருக்கட்டும் என்றார்கள். எல்லோரும்தான் சொன்னார்கள், ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டதாக அவருக்கு ஞாபகமில்லை, அல்லது ஞாபகம் இருப்பது அப்படி.

பிறகு செய்ததுதான் விசேஷம். கேசட்டைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றாமல் தங்களைக் கேசட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் தன் போட்டோவைப் பார்த்து மூக்கைத் திருத்திக்கொள்ள மாட்டான். கிடாரில் சுருதியை இறக்கினால் கம்பிகள் துணி காயப்போடுகிற கொடிபோல் தொங்கின, அதனால் கனமான கம்பி தேடி மூர் மார்க்கெட் பக்கமெல்லாம் அலைந்து, கடைசியில் பேஸ் கிடாரின் கம்பியை அறுத்துக் கட்டினார். விரல் நுனியெல்லாம் பிளந்தது. ஊரில் இருந்த மற்றப் பையன்களும் அதையே செய்தார்கள். சென்னை மெட்டலுக்கென்று ஒரு தனிக் கனம் உண்டு என்று இப்போது பேசுகிறார்களே, அந்தக் கனம் ரிச்சி தெரு வெயிலில் செய்தது. டிரம்ஸ் வாசித்த இதாயத் எவ்வளவு வேகமாக வாசிக்கக் கூடியவன், அவனை மெதுவாக வாசி, இன்னும் மெதுவாக என்று கெஞ்சியதில், அவன் சலித்துப்போய் வேலைக்கென்று சவூதியில் தம்மாமுக்கு விமானம் ஏறிவிட்டான். கம்பிக்கு வேறு கம்பி கிடைத்தது, தொண்டைக்கு எங்கே போவது? ரசிகர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள், சாக்காட்டின் கச்சேரியில் மட்டும்தான் அது. விளக்கை அணைத்ததும் கூட்டமே ஒன்றாக முதல் பாட்டின் முதல் வரியை உறுமும், தங்களால் முடிந்த அளவு ஆழத்தில். அடுத்த வரியை எர்னஸ்ட் அவர்களைவிடக் கீழே இருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் கச்சேரி ஆரம்பித்ததாக அர்த்தம். ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் இன்னும் கொஞ்சம் கீழே போகும், அவனும் போவான். இறங்குவதற்குப் படி இல்லாத இடத்துக்கு இறங்கினான். மிளகு மென்றான், சாராயம் குடித்தான், கடைசியில் மேடைக்குப் பின்னால் துப்பினால் சிவப்பாக வந்தது. வெற்றிலை போட்டியா என்று இவர் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. அவன் ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது, தலையில் சாயம் எரிய எரிய, முதல் தடவையாகக் கேட்டுக்கொள்வதுபோல் குலசேகரன் கேட்டுக்கொண்டார். முதல் தடவை அல்ல. சவரம் செய்யும்போது, ரயில்வே அலுவலகத்தில் பயணப்படி பில்களைச் சரிபார்க்கும்போது, பல் விளக்கும்போது அந்தக் கேள்வி இதே இடத்துக்கு வந்து, இதே இடத்தில் ஆணியில் சட்டை மாட்டிக்கொள்வதுபோல் மாட்டிக்கொண்டு, கிழியாமல் திரும்பிப் போகும்.

இரண்டாவது கேசட்டுக்கு ‘நடுப்பகல்’ என்று பெயர் வைத்தவன் எர்னஸ்ட். சாக்காடு என்ற பெயருக்குக் கீழே நடுப்பகல் என்று அச்சடித்தபோதே பாதி ரசிகர்கள் போய்விட்டார்கள். நாம வாசிச்சதையே வாசிப்போம்டா குலா, டேப்புக்காரன் வாசிச்சத நாம ஏன் வாசிக்கணும் என்றான். பழைய சுருதி, பழைய கம்பி, இதாயத்துக்குப் பதில் வந்த ஒரு பையன் உற்சாகமாகத் தட்டினான், எர்னஸ்ட் வாயைத் திறந்து பாடினான், சொற்கள் புரிந்தன. அதுதான் மன்னிக்கவே முடியாத குற்றம், சொற்கள் புரிந்துவிட்டன. டெத் மெட்டலில் சாவைப் பற்றி என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது, ஹார்ட் ராக்கில் ‘மத்தியானம் வந்தால் மாடிக்கு வா’ என்று பாடினால் கடைசி வரிசைக்கும் கேட்கும். இருபத்துச் சொச்சம் வருஷம் அவர் அந்தக் கேசட்டை வெறுத்தார். அதன் ஸ்வரங்கள் அவருக்குப் பல் இளிப்பதுபோல் இருந்தன. போன வாரம், சகாயத்திடம் தலையைக் கொடுக்கத் தீர்மானித்த அதே மனநிலையில், பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக் கேட்டார். முதல் பாட்டு சுமார்தான். இரண்டாவதில் அவருடைய தனி வாசிப்பு அளவுக்கு மீறி நீள்கிறது, யாரோ வெளியேறும் வழியை மறைத்துக்கொண்டு நிற்பதுபோல். மூன்றாவது பாட்டில் எர்னஸ்ட் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி எடுக்கிறான், அந்த மூச்சைத் தூக்கி எறியாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், அந்த ஒரு மூச்சுக்காக அந்த முழுக் கேசட்டையும் மன்னிக்கலாம். மன்னிக்க அவர் யார்? நல்ல கேசட். அதை ஒப்புக்கொள்வது அவருக்குப் பாகற்காய் தின்பதுபோல் இருந்தது. ‘நடுப்பகல்’ ஒரு நல்ல கேசட், சில இடங்களில் மிக நல்ல கேசட், அதற்காக எர்னஸ்ட் வாங்கிய வசை அதற்கு உரியது அல்ல.

ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்தில் அதை வெளியிட்டார்கள். விளக்கு அணைந்தது. கூட்டம் வழக்கம்போல் உறுமியது, பூமி அதிர்ந்தது. எர்னஸ்ட் மைக்கைப் பிடித்து, அவர்களுக்குக் கீழே போகாமல், மேலே போனான். சுத்தமான ஒரு குரல், மேலே, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. ஒரு கணம் யாருக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. பிறகு எவனோ ஒருவன், “டேய், பொம்பளையாடா நீ?” என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பும் நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும். மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை முதுகுகள். அந்த முதுகுகள் எல்லாவற்றிலும் சாக்காடு என்ற பெயர் அச்சடித்திருந்தது. எர்னஸ்ட் கடைசிப் பாட்டுவரை பாடினான். குலசேகரன் வாசித்தார், ஒரு ஸ்வரம் பிசகவில்லை, ஆனால் அவருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று எழுந்துபோய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டதை அவர் அறிந்தார். அது திரும்பி வரவே இல்லை. “அண்ணே, கண்ணுல தண்ணி வருது பாருங்க. சாயம் பட்டுச்சா?” “அம்மோனியா.” “நல்ல கம்பெனிதாண்ணே. போன மாசம் ஒரு எம்எல்ஏ மச்சானுக்கு இதத்தான் போட்டேன்.” “அவன் அழுதானா?” “அவரு தூங்கிட்டாரு.”

இன்று காலை, அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, போலந்திலிருந்து மாரெக்கின் மின்னஞ்சல் வந்திருந்தது. முதல் கேசட்டை இசைத்தட்டாக மறுபடி வெளியிடப்போகிறவன் மாரெக். மாஸ்டர் டேப்பை இவர்தான் பஞ்சு சுற்றி அனுப்பிவைத்தார். நாலு பேரில் தொடர்பில் இருப்பவர்கள் இரண்டு பேர் மட்டும், அவர்களுடைய இப்போதைய புகைப்படம் உறைக்கு வேண்டும் என்று போன வாரமே கேட்டிருந்தான், அதற்காகத்தான் இந்தச் சாயம். மாஸ்டரைக் கணினியில் ஏற்றிவிட்டேன், ஆனால் ஏதோ பிழை என்று மாரெக் பணிவோடு எழுதியிருந்தான். வேகமாக இருக்கிறது, சுருதி ஏறியிருக்கிறது, மன்னிக்கவும், ஹார்ட் ராக் போலக் கேட்கிறது. கேசட்டோடு பொருந்தும்படி மெதுவாக்கிவிடட்டுமா, அல்லது இப்படியே விடட்டுமா? நீங்கள் சொல்வதுதான் முடிவு, இன்று மாலைக்குள் சொல்லுங்கள், நாளை அச்சுக்குப் போகிறது. கூடவே பாட்டுகள். பெரம்பூர் லோகோ ரயில் நிலையத்தில் நின்று காதில் மாட்டிக் கேட்டார். ரயிலை விட்டுவிட்டார். சவக்குழி இல்லை, எருமை இல்லை. நாலு பையன்கள், வெயிலில் ஓடிவந்ததுபோல், மூச்சு முட்ட, சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். எர்னஸ்ட் உறுமவே இல்லை, கொஞ்சம் கரகரப்பை ஏற்றிக்கொண்டு முழு நெஞ்சோடு பாடிக்கொண்டிருந்தான். நடுப்பகலின் அண்ணன்தான் இது, ஒரே முகஜாடை. அப்படியானால் யாரும் எங்கேயும் மாறவில்லை. சாய்ந்தது பெல்ட், அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள். இவ்வளவு வருஷத்து வசையும் ஒரு கடைக்காரர் மாற்றத் தவறிய ரப்பருக்கு உரியது. அந்த ஆவேசத்தில், மாரெக்கின் கேள்வியை முழுசாக யோசிக்காமல், பாட்டுகளை எர்னஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டார். கேள்வியையும் சேர்த்தே அனுப்பிவிட்டார். அனுப்பிய அடுத்த கணமே அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதே பாட்டை மறுபடி கேட்டபோது கிடாரைக் கவனித்தார். சாதாரணம். சுத்தமாக, கெட்டிக்காரத்தனமாக, ஊருக்கு நாலு பேர் வாசிக்கக்கூடிய சாதாரணம். ஷில்லாங்கிலிருந்தும் ஜகார்த்தாவிலிருந்தும் பையன்கள் எழுதுகிறார்களே, அந்தக் கனத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள், எந்தக் கம்பி, எந்த ஆம்ப்ளிஃபயர் என்று, அவரும் ஆற அமரப் பத்தி பத்தியாகப் பதில் எழுதுகிறாரே, பயணப்படி பில்களுக்கு நடுவில் அந்தப் பதில்கள்தானே அவருக்கு இருந்தன. அவர்களுக்கு இனி என்ன எழுதுவது, ரிச்சி தெருவுக்குப் போய் மே மாதம்வரை காத்திருங்கள் என்றா?

மேசைமேல் போன் அதிர்ந்தது. சகாயம் எட்டிப்பார்த்தான். “எர்னஸ்ட்டுன்னு போட்ருக்குண்ணே.” வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். “ஸ்பீக்கர்ல போடு,” என்று சொல்லியிருந்தார்.

“டேய் குலா, எங்கடா இருக்க?”

“சலூன்ல.”

“சலூனா? இருக்கற நாலு முடிக்கா?”

சகாயம் சிரித்துவிட்டான். “யாருண்ணே இது, சைலன்சர் போன வண்டி மாதிரி பேசறாரு?” என்றான், காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு.

“போயிடுச்சு தம்பி. ரெண்டு வாட்டி ஆப்பரேஷன்ல வெல்டிங் வச்சாங்க, நிக்கல,” என்றது போன். எர்னஸ்ட் இப்போது வில்லிவாக்கத்தில் ஒரு பள்ளிக்கு வேன் ஓட்டுகிறான். பிள்ளைகளைக் கத்தி அடக்க முடியாமல் கழுத்தில் விசில் கட்டியிருக்கிறான், விசில் அங்கிள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். “பாட்டக் கேட்டேன்டா. வேன்லயே உக்காந்து கேட்டேன். அந்தப் போலந்துக்காரனுக்கு எழுதிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“என்னத்துக்கு லேட்டு? நாம வாசிச்சத வாசிச்ச மாதிரி வுடச் சொல்லு. அவ்ளோதான மேட்டரு.”

“கேக்கறவங்க ஒத்துக்கணுமே எர்னி. அவங்களுக்கு அந்தக் கேசட்தான் சாக்காடு.”

“அப்போ நான் யாருடா?”

சகாயம் ரிமோட்டைத் தேடித் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

“நடுப்பகல்ல பாடினது மிச்சம் மீதி தொண்டைடா,” என்றான் எர்னஸ்ட். ஒவ்வொரு சொல்லும் மணலில் இழுத்துக்கொண்டு வந்தது. “அதக்கூட நல்லாருக்குன்னு ஒருத்தன் சொல்லல, அத வுடு. இதுல இருக்கறதுதான் முழுசு. வேற எங்கயும் கெடையாது. எம் பொண்ணுகிட்ட போட்டுக் காட்டினேன், யாருப்பா இதுன்னா. நாந்தாம்மான்னேன். சும்மா சொல்லாதப்பான்னுட்டு காலேஜுக்குப் போயிட்டா. தட்டு வந்தா பேரு போட்டு வரும்ல? அப்போ நம்புவா.” கொஞ்சம் நிறுத்தி இருமினான். “உன்னாண்ட இதுக்கு முன்னாடி எதாச்சும் கேட்டிருக்கனா?”

“இல்ல.”

“எழுதுவல்ல?”

“எழுதிடறேன்டா. நீ சொன்ன மாதிரியே.”

“உன் நல்ல மனசுக்கு முடி கறுப்பாவே மொளைக்கும் போ,” என்று சிரிக்க முயன்று, மறுபடி இருமி, வைத்துவிட்டான்.

சொன்ன மாதிரியே எழுதிவிடத்தான் நினைத்தார். வாக்கியத்தைக்கூட மனதில் கட்டினார், மாஸ்டரில் பிழை ஏதும் இல்லை, பிழை கேசட்டில், அப்படியே விடவும். நல்ல வாக்கியம், திருத்த ஒன்றுமில்லை. சகாயம் தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினான், குளிர்ந்த தண்ணீர், கழுத்தோரம் கறுப்பாக இறங்கியது. கறுப்புச் சட்டை முதுகுகள் ஞாபகம் வந்தன, அவர்களுக்கெல்லாம் இப்போது நாற்பது தாண்டியிருக்கும், கடன் வாங்கி வீடு கட்டியிருப்பார்கள், பெட்டியில் எங்கேயோ அந்தக் கேசட் இருக்கும், தட்டை வாங்கி ஊசியை வைப்பார்கள், நாலு பையன்கள் சந்தோஷமாக ஓடிவருவார்கள். இவ்வளவுதானா என்பார்கள். எர்னஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவனை ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள். இவரைத்தான் சொல்வார்கள். அவன் மகள் நம்பாவிட்டால் என்ன, தட்டு வந்தாலும் நம்பாமல் போகலாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்பாவை எதில் நம்பியிருக்கிறார்கள். அவளிடம் பாட்டு இருக்கிறதே, போனில், கேட்டுக்கொள்ளட்டுமே. அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதாலேயே சந்தேகமாக இருந்தது. சந்தேகத்தைத் துண்டால் துவட்டினான் சகாயம், அழுத்தி, காதுக்குப் பின்னால், பிடரியில். பெல்ட்டில் பிழை என்றால் அந்தப் பிழைக்காக அவர் விரல்கள் பிளந்தது பொய்யா? கம்பி அறுத்துக் கட்டியது பொய்யா? முதலில் அது விபத்து, பிறகு அவர்கள் உழைத்து அதை நிஜமாக்கினார்கள், எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இதற்கு இடமுண்டு. எர்னஸ்ட்டின் தொண்டையும் அந்த உழைப்பில்தான் போனது, அதையும் நிஜத்தில்தான் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. வேண்டாம்.

“பாருங்கண்ணே,” என்று சகாயம் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினான். “பத்து வயசு எங்க போச்சுன்னே தெரியல.”

“முகம் அப்படியேதான் இருக்கு.”

“மொகத்துக்கு நம்மாண்ட மருந்து இல்லண்ணே.”

போனைக் கையில் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். சகாயம் பின்னால் இருந்த காலண்டரை நகர்த்தி வைத்து, கோணம் பார்த்து, “சிரிங்கண்ணே, என்ன துட்டா கேட்டாங்க?” என்றான். அவர் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை மாரெக்குக்கு அனுப்பினார். அதற்குக் கீழே எழுதினார்: மாஸ்டரில்தான் பிழை. கேசட்டில் இருப்பதே நாங்கள் வாசித்தது. அதற்குப் பொருந்தும்படி மெதுவாக்கிவிடவும்.

இசைத்தட்டு டிசம்பரில் வந்தது. மெதுவாக்கியதில் நீளம் கூடி இரண்டாம் பக்கத்தில் இடம் போதவில்லை. கடைசிப் பாட்டை விட்டுவிட்டார்கள். எர்னஸ்ட் எழுதியது அது ஒன்றுதான்.